டின் பட்டாணிக்கும் பச்சைக் கோசுக்கும் நடுவில்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், போன மாதம் காலைப் பிரேயரில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். இப்போதும் காலையில் போன் அடித்தால் பள்ளியிலிருந்துதானோ என்று ஓடுகிறேன். டாக்டர், "ரத்தம் கம்மியா இருக்குது. காய், கீரை நல்லா குடுங்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதி ஆராய்ச்சியை நாங்களே செய்துகொண்டோம்.

நான் எம்.எஸ்சி. படித்தவள். வேகவைத்தால் சத்து போய்விடும் என்று போனில் ஒரு வீடியோ சொன்னதும் அடுப்பை அணைத்தேன். கோஸ், வெள்ளரி, குடைமிளகாய் எல்லாம் பச்சையாகவே தட்டுக்கு வந்தன. நெல் வியாபாரம் செய்யும் என் கணவர் எதிர்க்கட்சி. திண்டிவனம் போனவர், டின்னில் அடைத்த பட்டாணியும் சோளமும் பை நிறைய வாங்கி வந்தார்.

"பறிச்ச சூட்டோட அடைச்சிடறான். உன் கோஸ் மார்க்கெட்டுல ரெண்டு நாள், ஃபிரிட்ஜில நாலு நாள் கெடக்குது. எதுல சத்து இருக்கும்?"

"சூட்டுல வைட்டமின் போவுதே, அது? உப்புத் தண்ணியில ஊறுதே, அது?"

"கழுவிட்டுப் போடு. நார்ச்சத்து இன்னா, டின்ன ஒடச்சிக்கினு ஓடிடுமா?"

எங்கள் ஜைனக் குடும்பத்தில் அஷ்டமி, சதுர்த்தசியன்று காய்கறி, கீரை தொடுவதில்லை. டின் பட்டாணி அந்தக் கணக்கில் வருமா என்று ஒரு சதுர்த்தசிக் காலை முழுக்க விவாதம். அவித்துத் தகரத்தில் பூட்டியது இனி காயே இல்லை என்றார் அவர். அப்படியானால் காயின் சத்து மட்டும் அதில் எப்படி இருக்கும் என்றேன். தீர்ப்பு வருவதற்குள் மகள் மோர்ச்சோறு தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

ஒரு நாள் சாயங்கால டியூஷன் முடிந்து வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தல சுத்துதும்மா."

அவர் டின்னைத் திறக்க ஓடினார். நான் வெள்ளரிக்காயை எடுத்தேன்.

"ரெண்டும் வேணாம். சோறு இருக்குதா?"

"இருட்டிடுச்சேம்மா" என்றார் அவர்.

பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடுவதில்லை. அதிலும் ஊருக்கு மேற்கே நிற்கும் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்ததுமே எங்கள் வீட்டில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். மலை மறைக்காத திண்டிவனத்தில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

"சாயங்காலத்துக்குத் தனியா டப்பா குடுத்தனுப்பறனே?" என்றேன்.

"ரெண்டு டப்பாவும் மத்தியானமே காலி. பசிக்குதும்மா. டியூஷன் ஆரம்பிச்சதுலேர்ந்து ராத்திரி நான் இன்னா சாப்ட்டேன்? வந்து தண்ணி குடிச்சிட்டுப் படுக்கறேன். நீங்க காலைல எழுந்து வைட்டமினுக்கு சண்ட போடறீங்க. நைனா, அந்த டின்ன கீழ வைங்க."

அவர் வைத்தார். மலைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "குக்கரை வை" என்றார்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வேளையில் அந்த அடுப்பு எரிந்ததில்லை. அரிசியைக் களைந்து போட்டேன். பருப்போடு அவரைக்காயை நறுக்கிப் போட்டுக் குழைய வேகவைத்தேன். அதில் எந்த வைட்டமின் தப்பியது, எது செத்தது என்று எனக்குத் தெரியாது. மகள் இரண்டாம் முறை சோறு கேட்டாள். நான் போட்டேன், அவர் பருப்பு ஊற்றினார்.