சுடாத கால்

என் நோயின் முதல் அறிகுறியை நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

அது சித்திரை மாதப் பௌர்ணமி. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளர். எங்கள் பிரிவுப் பெண்கள் நான்கு பேர் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கே கிரிவலம் கிளம்பினோம். வெறுங்காலோடு நடப்பதுதான் வழக்கம். தார் ரோடு கொதித்தது. மற்ற மூவரும் லாரி தண்ணீர் தெளித்துவிட்டுப் போன ஈரத்தைத் தேடித் தேடிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் நடு ரோட்டில் நிதானமாக நடந்தேன்.

“அக்காவுக்கு மட்டும் சாமி பூ விரிச்சு வெச்சிருக்கார்பா” என்றாள் பக்கத்து மேசை ரேவதி.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணாமலையார் என்னைக் கவனித்துவிட்டார் என்று நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் நாத்தனாருக்கு போன் போட்டும் சொன்னேன். அவர் தன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சொன்னார்.

அப்போது எனக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடம். மாத்திரை கைப்பையில்தான் இருக்கும். ஆனால் ஞாபகம் வந்தால் போடுவேன், இல்லையென்றால் இல்லை. சோம்பேறித்தனம் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். அது மட்டுமல்ல. மாத்திரை போட்ட நாளும் போடாத நாளும் எனக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. தலைவலிக்கு மாத்திரை போட்டால் வலி நிற்கிறது, போட்டதற்கு ஒரு அர்த்தம் கிடைக்கிறது. சர்க்கரைக்குப் போட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த மாத்திரை என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் மட்டும் நான் உத்தமி. கேழ்வரகுக் கூழ், பாகற்காய், வேளை தவறாத மாத்திரை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைந்து வரும். டாக்டரம்மா ஒருமுறை எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்ததும் என் மூன்று நாள் நாடகம் சந்தி சிரித்தது.

“இனிமே மாத்திரை மட்டும் பத்தாதும்மா. இன்சுலின் போட்டே ஆகணும்” என்றார்.

ஊசி என்றதும் எனக்குப் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். அவருக்கு ஊசி ஆரம்பித்தார்கள், அதே வருடம் போய்ச் சேர்ந்தார். ஊசிதான் அவரைக் கொண்டுபோனது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சிறுநீரகம் கெட்ட பிறகுதான் அவர் ஊசிக்கே சம்மதித்தார் என்பதை யாரும் பேசவில்லை.

“ஒரு ஆறு மாசம் டைம் குடுங்க டாக்டர். நடந்தே கொறச்சிடறேன்” என்றேன்.

“நடக்கறது ரொம்ப நல்லது. ஆனா ஊசிக்குப் பதிலா நடக்க முடியாது. அப்புறம், செருப்பு இல்லாம நடக்கவே நடக்காதீங்க.”

அவர் சொன்னதில் முதல் பேச்சை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பன்னிரண்டு பௌர்ணமி கிரிவலம் வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு சுற்று பதினான்கு கிலோமீட்டர். டாக்டர் பேச்சையும் கேட்ட மாதிரி ஆயிற்று, சாமிக்கும் செய்த மாதிரி ஆயிற்று. சித்திரைப் பௌர்ணமி அதில் ஐந்தாவது.

மறுநாள் இடது உள்ளங்காலில் ஒரு கொப்புளம் இருந்தது. வலிக்கவில்லை. அது உடைந்ததும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்தேன். வைகாசிப் பௌர்ணமிக்கு அந்தக் காலோடுதான் நடந்தேன். யாராவது செருப்பு போடச் சொல்லியிருந்தால் கோபம்கூடப் பட்டிருப்பேன்.

சில நாளில் வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தோம். கணவர் பீரோவை நகர்த்தினார், நான் கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் காலை நான் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, குனிந்து பெருக்கிக்கொண்டிருந்த என் மகள் கயல் அப்படியே நின்றுவிட்டாள்.

“அம்மா, எலி இல்லம்மா” என்றாள். அவள் பார்வை என் காலில் இருந்தது.

சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன. அன்றே அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். கேங்ரீன் (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிப்போவது) என்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் என் வலது காலையும் பார்க்க வந்தார். கையில் தடித்த நைலான் இழை ஒன்று வைத்திருந்தார்.

“கண்ண மூடிக்குங்கம்மா. நான் தொடறப்ப சொல்லுங்க.”

மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் ஆரம்பிப்பதாகத் தெரியவில்லை.

“தொடுங்க டாக்டர்” என்றேன்.

“பத்து இடத்துல தொட்டுட்டேன்மா. கண்ணத் திறங்க.”

நியூரோபதி (அதிகச் சர்க்கரையால் நரம்புகள் உணர்விழந்துபோவது) என்று அவர் விளக்கினார். சில வருடங்களாகவே இருந்திருக்கும் என்றார். தார் ரோட்டில் கால் சுடாததற்கு அதுதான் காரணம். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் அடைந்த வெட்கத்தை எழுதத் தெரியவில்லை. காலை இழக்கப்போகிறேன் என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. அருள் என்று நாத்தனாரிடம் சொன்ன வாய் இது.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அழுகல் நிற்கவில்லை. பத்தாவது நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வெட்டிய காலை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவேயில்லை. இல்லாத விரல்கள் அரிப்பதும், சொரியக் கை நீட்டிப் போர்வையைத் தடவிவிட்டுத் திரும்புவதுமாகச் சில மாதங்கள் போயின. அப்போதும் ஊசியை நாள் தவறாமல் போட்டுக்கொள்ளவில்லை. செயற்கைக் கால் பொருத்தி, கம்பு ஊன்றி நடக்கப் பழகிய பிறகு, ஒருநாள் கணவர் என்னைக் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் எங்கள் நிலத்துக்கு அழைத்துப்போனார். மணிலா (வேர்க்கடலை) போடுவதற்காக உழுதிருந்தார்கள். வேலி ஓரத்தில் ஒரு மூலை மட்டும் உழாமல் கிடந்தது.

“அத ஏன் ஓட்டாம வுட்டுட்டீங்க?” என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உன் காலு அங்கதான் இருக்குது. ஆஸ்பத்திரியில நாங்களே எரிச்சிடறோம்னு சொன்னாங்க. எனக்கு மனசு வரல. எழுதிக் குடுத்துட்டு வாங்கினேன். துணியில சுத்திக் குடுத்தாங்க. என் தம்பி வண்டிய ஓட்டினான், நான் மடியில வெச்சினு வந்தேன்.”

முப்பது வருடத்தில் அவர் என்னைத் திட்டியதில்லை. அன்றும் திட்டவில்லை.

“ஊசி போடு, போடாமப் போ. உன் இஷ்டம். ஆனா இன்னொரு வாட்டி என்னால அப்படித் தூக்கினு வர முடியாது வசந்தா.”

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இன்று மாத்திரையை நாளைக்குத் தள்ளியிருந்தால், அவர்களைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. எனக்குப் புத்தி சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவர் பேச்சையும் நான் கேட்கவில்லை. அந்த மூலையைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். என் உடம்பில் ஒரு பகுதிக்குக் காரியம் முடிந்துவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு நான் ஆபீஸ் போகிறேன், சமைக்கிறேன், கயலோடு சண்டை போடுகிறேன். முன்பு பணி ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் பார்ப்பேன். இப்போது காலை ஊசியிலிருந்து இரவு ஊசி வரைதான் என் கணக்கு. அதற்கு மேல் நீட்டிப் பார்க்கத் துணிச்சல் இல்லை.

காலையில் ஊசி போட்டதும் கணவர் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பிடிப்பார். வலது உள்ளங்காலில் கீறல், சிவப்பு, கொப்புளம் ஏதாவது இருக்கிறதா என்று இருவரும் பார்ப்போம். பிறகு விரல் இடுக்குகளை நானே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன். கைக்குக் கால் தெரிகிறது. காலுக்குக் கை தெரியவில்லை.