மாதா பார்க்கும் இடம்

யாரும் உட்காராத நாற்காலியைத்தான் எர்சிலியா முதலில் துடைப்பாள். அந்த மலையூர்க் கோயிலின் சாவி அவளிடம். முன்வரிசை பெஞ்சுக்கு இடப்புறம் தனியாகக் கிடக்கும் அந்த நாற்காலியில் யாராவது கைப்பையை வைத்தால்கூட, "அது மாதா பாக்குற எடம், எடு எடு" என்று விரட்டுவாள்.

எதிர்ச்சுவரில் படம். பழைய மரப்பலகை. மாதாவின் நீல அங்கி மலைபோல் இருபுறமும் சரிய, நடுமடியில் பாலன் தூங்குகிறான். அது நல்ல தூக்கமாகத் தெரியாது. ஒரு கை துவண்டு தொங்குகிறது, பின்னாளில் சிலுவையிலிருந்து இறக்கும்போது தொங்கப்போவதைப் போல. மறுகைப் பிடியில் முகத்தில் ரத்தச் சிவப்புள்ள ஒரு குருவி. மாதா பிள்ளையைப் பார்க்கவில்லை. வரப்போவதைப் பார்க்கிறாள்: சட்டத்துக்கு வெளியே, கீழே, இடப்புறமாக.

"அந்தக் கண்ணு பட்ட வயித்துல பிள்ள தூங்கிடும். அப்புறம் முழிக்காது" என்பாள் எர்சிலியா. சுகப்பிரசவம் வேண்டி வரும் பெண்களைக் கைபிடித்து அந்த நாற்காலியை விட்டு விலக்கி, பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைப்பதும் அவள்தான்.

"வெறும் சாயம் எர்சிலியாம்மா" என்று புதுச் சாமியார் சிரித்தார்.

"அப்ப மாசமா இருக்குற உங்க தங்கச்சிய அந்த நாற்காலில ஒக்காரவைங்க சாமி."

சாமியார் பேச்சை மாற்றிவிட்டார்.

தவக்காலத்தில் படம் அன்கோனா நகரத்துக்குப் போய், அழுக்கு நீங்கி ஈஸ்டருக்குத் திரும்பியது. ஆட்கள் மாட்டும்போது எர்சிலியா சட்டத்தில் கீறல் விழுந்ததா என்று மட்டுமே பார்த்தாள். நாற்காலியைத் தரையிலிருந்த பழைய தடத்திலேயே போட்டாள்.

கோடையில் மகள் நிவெஸ் நிறைவயிறோடு வந்தாள். அவளையும் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காரவைத்தாள்.

"அம்மா, ஒன் மாதா என்னையே பாக்குறாங்க."

"கோயில்ல விளையாடாதடி."

"நெசமாத்தான். வந்து பாரேன்."

எர்சிலியா மகளருகே குனிந்து அண்ணாந்தாள். கழுவித் துலங்கிய கண்கள் நேராக அவர்கள்மேல் இறங்கின. சட்டத்துக்கு இடப்பக்கம் சுவரில் ஈரம் பூத்த வெற்றுத்திட்டு. படம் முன்பு இருந்த இடம் அது. ஈரத்துக்குப் பயந்து வலப்பக்கம் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். ஈஸ்டரிலிருந்து இந்தப் பெஞ்சில் அவள் உட்காரவைத்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரொட்டிக்கடைக்காரன் மனைவி. தபால்காரனின் மருமகள்.

"காலையிலேர்ந்து ஒரே ஒதை" என்று நிவெஸ் வயிற்றைத் தடவினாள். "இப்பத்தான் அடங்கியிருக்கான். தூங்கிட்டான் போல."

எர்சிலியா நிமிர்ந்தாள். மகளுக்கும் படத்துக்கும் நடுவே போய் நின்றாள். இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்து, இரு கைகளாலும் அகல விரித்து, நுனிக்காலில் எக்கி, அந்தக் கண்களுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள்.