திகனையில் எழுபது மீற்றர்: கொழுந்தியாளின் வில்லை நான் சரிசெய்த கதை

நாவலப்பிட்டியில் இரும்புக் கடை வைத்திருப்பவன் கண்டிக்குப் போனால் சரக்கெடுக்கத்தான் போவான். கடந்த பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் போனது வில் தூக்க. என் மனைவியின் தங்கை ரெஜினா பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. ஒன்பது வருடமாக நாட்டுக்காக வில்வித்தைப் போட்டிகளில் எய்கிறாள். டாக்கா, பேங்கொக் எல்லாம் பார்த்தவள். அன்று திகனையில் தெரிவுப் போட்டி. எழுபது மீற்றர் தூரத்து இலக்கில் எழுபத்திரண்டு அம்பு எய்து அறுநூறு புள்ளி எடுத்தால் மறுபடி வெளிநாடு. எடுக்காவிட்டால் வில்லை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். போன வருடம் தோளில் அடிபட்டதிலிருந்து அவளுக்குத் தன் தோள்மீது நம்பிக்கை இல்லை.

விடியற்காலை அவள் எங்கள் வீட்டில் தேநீர் குடிக்கும் நேரத்தில் அவளுடைய வில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். திருகாணி இறுக்கம் பார்க்காமல் எந்தச் சாமானையும் நான் அனுப்புவதில்லை. குறிபார்க்க ஒரு கருவி இருக்கிறது, சைட் என்பார்கள். அதன் பக்கத்துத் திருகில் சின்ன அளவுகோல். கோடு பூச்சியத்தைவிட்டுத் தள்ளி நின்றது. தராசு முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தாமல் கால் கிலோ ஆணிகூட நிறுக்காதவன் நான். திருகிச் சரியாக வைத்து, பெட்டியை மூடினேன்.

5.10 பஸ். கண்டிக்கு 38 கிலோமீற்றர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு 160 ரூபா. பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கேட்டார்கள். கொடுத்துவிடுங்கள், மடியில் வைத்தால் முழங்கால் போய்விடும். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து திகனைக்கு ஆட்டோ. 2,200 கேட்டவரை 1,800க்கு இறக்கினேன். அக்குறணைக்காரரான அவர் பெட்டியைப் பார்த்தார்.

"வாசிக்கிற ஓர்கனா அண்ணே?"

"வில்லு."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்களா எய்யப் போறீங்க?"

"இவங்க."

"அப்பச் சரி," என்று நிம்மதியாக வண்டியை எடுத்தார்.

மைதானத்தில் பயிற்சிக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு ஆறு அம்பு. முதல் சுற்றில் ஆறும் இலக்கின் இடப்பக்க ஓரத்து வெள்ளையில் குத்தின.

"நல்லா நெருக்கமாத்தானே விழுந்திருக்கு?" என்றேன்.

அவள் அடுத்த சுற்றில் தோளை மாற்றிப் பிடித்தாள். அம்புகள் திசைக்கொன்றாகப் போயின. திரும்பி வந்து கையுறையைக் கழற்றினாள்.

"தோள்தான் அத்தான். சைட் ரெண்டு வருஷமா ஒரே இடத்துலதான் இருக்கு. பேரை வெட்டச் சொல்லிட்டு வந்துடுறேன்."

வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஆரோக்கியமான தோளைக் குறை சொல்லி அவள் விலகினால் அது மோசடி.

"தோள் இல்லம்மா. பூச்சியத்துல இல்லாம இருந்துச்சு. நான்தான் திருப்பி வச்சேன்."

"எதை?"

விரலால் காட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கையில் வில் இருந்ததால் அது எனக்கு நீண்ட நேரமாகத் தெரிந்தது.

"ஏன் அத்தான், இதுல பருப்பா நிறுக்கப் போறோம்? எத்தனை சுத்து திருகினீங்க?"

"ரெண்டரை. வலப்பக்கம்."

"நிச்சயமாவா?"

"முப்பது வருஷம் திருகாணி விக்கிறேன்."

இரண்டரைச் சுற்று இடப்பக்கம் திருப்பினாள். கடைசிப் பயிற்சிச் சுற்றில் ஐந்து அம்பு நடு மஞ்சளில். ஆறாவது அதையடுத்த சிவப்பில் விழுந்ததற்கு நான் மூச்சுவிட்டதுதான் காரணமாம். மாலை மூன்று மணிக்கு அவள் கணக்கு 604. தோளில் ஒரு குறையும் இல்லை.

போகிறவர்களுக்கு: தொப்பி, குடை இரண்டும் வேண்டும், திகனையில் வெயிலும் மழையும் முறை பார்ப்பதில்லை. பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை, கதிரையும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் வந்தால் ஆட்டோக் காசு மிச்சம். ஒருவர் தன் கைக்கென்று வருடக்கணக்கில் பழக்கி வைத்தது நமக்குக் கோணலாகத் தெரிந்தால், கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பெட்டிக்கு இப்போது பூட்டு வந்துவிட்டது. என் கடையிலேயே வாங்கினாள். மாற்றுச் சாவியை என்னிடம் வைத்திருக்கவா என்று கேட்டேன். விலையைக் கொடுத்துவிட்டு இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு போனாள்.