பதினெட்டுக் கட்டங்கள்

சுப்பையனைப் போன்ற பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. பிழைக்க வந்த நாட்டில், காஜா பெராங்கில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. பண்டார் ஹிலிர் குடிநுழைவு அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலி. ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்க மனுப் போட்டவர்களின் விவரங்களை அவன் யந்திரத்தில் தட்டி, அட்டையில் துளைகளாகப் போடுவான். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன்.

அட்டையில் பெயருக்குப் பதினெட்டுக் கட்டம். அடுத்த இரண்டு வயதுக்கு. நம் ஆட்களின் பெயரைத் தகப்பன் பெயரோடு ஆங்கிலத்தில் அடித்தால் அதில் எங்கே அடங்கும்? மிஞ்சுவதை வெட்டிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஊரார் பெயரையெல்லாம் சுப்பையன் கூசாமல் வெட்டினான்.

மெர்டேக்கா என்று இந்நாடு சுதந்திரம் கொண்டாடி முடிந்த மறு வருடம் அவன் மனைவி பொன்னம்மாவின் மனுவும் மகள் கோகிலாவின் மனுவும் வந்தன. கோகிலாவுக்கு ஐந்து வயது. அவள் பிறக்குமுன் கப்பலேறியவன் அவன். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மனைவியின் அட்டையில் வழக்கம்போல் வெட்டிவிட்டான். 'கோகிலா, சுப்பையன் மகள்' என்பதற்கு ஆங்கிலத்தில் இருபது கட்டம் தேவைப்பட்டது.

"ரெண்டு கூடுதுடா, வெட்டு," என்றேன்.

"தூக்கி வளக்கத்தான் குடுத்து வைக்கல. அப்பன் பேரையாச்சும் முழுசாப் போட்டுக்கிறேன்லா."

முழுசாக அடித்தான். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அவன் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் வயதுக் கட்டங்களில் போய் உட்கார்ந்துகொண்டன. எழுத்து ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை. வயதைப் படிக்கும் யந்திரமோ கீழ்த்துளையை மட்டும் பார்த்து எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஓர் எழுத்தை ஒன்று என்றும் மற்றதை ஐந்து என்றும் படித்தது. குழந்தைக்குப் பதினைந்து வயதாகிவிட்டது.

பொன்னம்மாவுக்கு அனுமதி வந்தது. சிறு பிள்ளைகளுக்குத்தான் அனுமதி, பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கிடையாது என்று வந்தது. பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் கப்பலேறுவாள்? தவற்றை ஒப்புக்கொண்டு மனு மேல் மனு எழுதினோம். அது மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் சட்டம் இறுகிவிட்டது. இருவருமே வர முடியாமல் போயிற்று. இவன் போனால் திரும்ப விடுவார்களா என்பது சந்தேகம். இவன் சம்பளம் நின்றால் அங்கே அடுப்பெரியாது. இருந்துவிட்டான்.

பத்து வருடம் கழித்து ஊரிலிருந்து ஒரு படம் வந்தது. தாவணி போட்ட பெண். இப்போது அவளுக்கு நிஜமாகவே பதினைந்து. வெகுநேரம் பார்த்துவிட்டு, படத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினான். பின்னால் தன் கையாலேயே எழுதியிருந்தாள்: சு. கோகிலா.

"ஒரே எழுத்துல என்னை அடக்கிட்டாடா, ஜெயபாலா," என்று சொல்லி அழுதான்.

நானும் அழுதேன். கையெழுத்துப் போட்டவன் நான்தானே.