கொப்பியில் எழுதிய பெயர்

எனக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு கடிதம். இவன் இந்த நாட்டில் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கிறான் என்று யாராவது ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதித் தர வேண்டும். அகதி வழக்கு இரண்டு முறை நிராகரிக்கப்பட்டவனின் தொசியேயில், அதாவது கோப்பில், அப்படி ஒன்று இருந்தால் விசா அலுவலகமான பிரெபெக்சர் விசா கொடுப்பதைப் பரிசீலிக்கும் என்றார் வழக்கறிஞர். அங்கே நேரில் போக வேண்டிய ரொந்தேவுக்கு எட்டு நாள் இருந்தது. நான் பதறவில்லை. இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் கால்வாயில் சம்பளமில்லாமல் வேலை செய்திருந்தேன்.

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய எக்லூஸ் இருக்கிறது. மேட்டுத் தண்ணீரில் இருந்து பள்ளத்துத் தண்ணீருக்குப் படகை இறக்கும் தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, மதகைத் திறந்து, தண்ணீர் வடிந்த பிறகு முன்கதவைத் திறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கையால் இயக்கித் தொண்டர்கள் பராமரித்தார்கள். விசாவுக்காகத்தான் போனேன், மறைப்பானேன். ஆனால் வாரம் முழுக்க ரெஸ்டோரண்டில் சட்டி கழுவியவனுக்கு, ஒரு முழுப் படகு தன் கைக்குக் கட்டுப்பட்டு இறங்குவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

பிழை முதல் நாளே நடந்துவிட்டது. ரெஸ்டோரண்டில் நான் வேலை செய்தது புறநகரான எபினேயில் இருக்கும் அண்ணை ஒருவருடைய கார்த்தில், அவருடைய விசா அட்டையைக் காட்டி. விசா இல்லாத எங்களில் பலர் அப்படித்தான். ஆறு வருடமாக முதலாளி கூப்பிட்டது அவருடைய பெயரை, நான் திரும்பிப் பார்த்ததும் அந்தப் பெயருக்கு. எக்லூஸில் வருகைக் கொப்பியை நீட்டிப் பெயர் எழுதச் சொன்னார்கள். என் கை தானாகவே அந்தப் பெயரை எழுதியது. அடுத்த ஞாயிறு மாற்றி எழுதப் பயந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் பயந்தேன். இப்படி ஒரு மடையன் இருப்பானா?

தொண்டர்களுக்குப் பொறுப்பான பெண்மணி சந்தோஷமாகக் கடிதத்தைத் தந்தார். அழகான கடிதம், அண்ணையின் பெயரில். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கொப்பியை நெடுநேரம் புரட்டினார்.

“நீங்கள் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் இதில் உங்கள் பெயர் இல்லையே. நான் பொய் எழுத முடியாது,” என்றார் பிரெஞ்சில்.

பொய்யை எழுதியவன் நான். உண்மையை எழுதச் சொன்னால் அது பொய்யாகிவிட்டது.

ஒரே வழிதான் மிச்சம். அன்று மாலையே எபினேக்குப் போனேன். “அண்ணை, ஒருக்கா வந்து அந்த மனுசியிட்டை சொல்லுங்கோ, அங்கை வந்தது நீங்கள் இல்லை, நான்தான் எண்டு. காலிலை விழுறன்.”

அண்ணை கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “தம்பி, நான் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு நசனாலித்தே போட்டிருக்கிறன். கார்த்தைக் குடுத்தனான் எண்டு வாயாலை சொன்னால் என்ரை கதை முடிஞ்சுது. பிள்ளையள் இருக்குதுகள்.”

கோபம் வந்தது. ஆனால் அந்தக் கார்த் இல்லாவிட்டால் அடுத்த நாள் எனக்கு வேலையும் இல்லை. கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

அவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

“இது உனக்கு உதவாதுதானே?”

“ஓம்.”

“அப்ப எனக்குத் தாவன். என்ரை தொசியேக்கு நல்லது.”

அவர் அதை மடித்துத் தன் பைலுக்குள் வைத்தார். பிறகு, நேர்முகத்தில் கேட்டால் முழிக்கக் கூடாது என்று பேனையும் தாளும் எடுத்து வந்தார். கதவு, மதகு, கயிறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

“நான் எத்தினை மணிக்கு அங்கை போறனான்?” என்று கேட்டார்.

“காலமை ஒன்பதுக்கு அண்ணை,” என்றேன். “மழை பெய்தாலும் போறனீங்கள்.”