மறதி என்று நாங்கள் நினைத்தது

என் கணவர் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன ஆண்டு அவருக்கு எல்லாமே மறக்கத் தொடங்கியது. அடுப்பை அணைக்க மறந்தார். ஒருநாள் மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வரும் வழியே தெரியாமல் நின்றிருக்கிறார். பேச்சும் குறைந்துவிட்டது. முதுமை மறதி நோய்தான் என்று நானே முடிவு செய்து, பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தேடத் தொடங்கிவிட்டேன்.

மருத்துவமனையில் தமிழ்ப் பெண் டாக்டர் ஒருவர் பார்த்தார். எதைக் கேட்டாலும் இவர், "தெரியல டாக்டர்" என்றார். பிறகு டாக்டர், "அங்கிள், காலையில எழுந்திரிக்கப் பிடிக்குதா?" என்று கேட்டார்.

"எதுக்கு எழுந்திரிக்கணும்?" என்றவர் தேம்பி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

எல்லாப் பரிசோதனைகளும் முடிந்தபின் டாக்டர் சொன்னார்: "ஆன்ட்டி, இது டிமென்ஷியா இல்ல, டிப்ரெஷன். மனச்சோர்வு அதிகமானா மறதியும் வரும். ட்ரீட்மென்ட் இருக்கு."

மாத்திரையும் மனநல ஆலோசனையும் தொடங்கின. முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா மார்க்கெட்டில் மீன் எடுத்துக்கொண்டிருந்தேன். "இது ஃப்ரெஷ் இல்ல லா, செவுளைப் பாரு" என்றார் கூட வந்த என் கணவர். அதோடு மீன்காரரின் மகனைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். இனி திரும்பவே மாட்டார் என்று நான் நினைத்த மனிதர் என் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசுகிறார்! பிரமித்துப்போய் நின்றேன்.

இப்போது யாராவது வீட்டுப் பெரியவருக்கு மறதி என்றால், நானாக எந்த நோயின் பெயரும் சொல்வதில்லை. "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவங்க மனசு எப்படி இருக்குன்னும் சொல்லுங்க" என்கிறேன்.