கொச்சியைவிடப் பக்கம் துபாய்

எங்கள் மலையில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி அரை மணி நேரம், கோட்டயம் மூன்று மணி நேரம், கொச்சி ஐந்து மணி நேரம். மழை பிடித்துக்கொண்டால் ஆண்டவர் விட்ட வழி. கிலோமீட்டர் கேட்பவர்கள் சுற்றுலா வந்தவர்கள்.

எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, துபாயில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குக் கிளம்பியபோது எனக்கு எட்டு வயது. நான் வைத்த ஒப்பாரியில் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் எல்லாம் கூடிவிட்டன. சித்திதான் அதட்டினாள்.

"ஏட்டி, பிளேன்ல ஏறினா நாலே மணி நேரம். இதுக்குப் போயி இந்த அழுகையா?"

அழுகை சட்டென்று நின்றது. நாலுதானா? அப்படியானால் துபாய் கொச்சியைவிடப் பக்கம் அல்லவா! கொச்சிக்குப் போகிறவர்களே மறுநாள் திரும்பிவிடுகிறார்களே. பள்ளிக்கூடம் பூராவும் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். என் கணக்கைத் திருத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை; ஓய்ந்த பிள்ளையை மறுபடி கிளப்புவானேன் என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அடுப்படியில் நின்றபடி அம்மா இதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பாள்.

அடுத்த வருடம் எனக்குப் புதுநன்மை. எங்கள் கோயிலில், முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகும் பிள்ளையை அப்பா ஒரு கையும் அம்மா ஒரு கையுமாகப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப்போக வேண்டும். அம்மாவின் இடத்தில் சித்தி வருவதாக ஏற்பாடு. சேலைகூட எடுத்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! என் அம்மா என்ன செத்தா போய்விட்டாள்? அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த அப்பாவிடமிருந்து போனைப் பிடுங்கினேன்.

"எம்மா, காலையில கெளம்பு. பூசைக்கு வந்துரலாம். சாயந்தரம் திரும்பப் போயிரு. நாலு மணி நேரந்தான?"

"வாரேன்ட்டி" என்றாள் அம்மா.

அப்பா போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். "புள்ளகிட்ட நடக்காத காரியத்தச் சொல்லாத" என்று அவர் கெஞ்சியது என் காதிலும் விழுந்தது. நான் சட்டை செய்யவில்லை. வாரேன் என்று சொன்னவள் வராமலா போவாள்?

வந்தாள். புதுநன்மைக்கு முந்தின நாள் ஜீப்பிலிருந்து இறங்கியவள், என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மலை வளைவுகளில் தலை சுற்றிவிட்டது போலும் என்று நான் ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துவந்து அவள் மூக்கில் வைத்தேன். அதற்கும் அழுதாள். மறுநாள் பீடம்வரை என் வலது கை அவள் கைக்குள் இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வாய்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள். லயமே வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்கானால் சிரிப்பு. இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லையே! அந்த லீவுக்காக, பேசிய காலத்துக்கு மேல் இன்னும் ஒரு வருடம் அங்கே வேலை பார்ப்பதாக அம்மா சம்மதித்திருந்தாள். அது அப்பாவுக்கு மட்டும் தெரியும். நான் ஜீப்பின் ஓரத்தில் எக்கி நின்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன்.

"கொச்சி வரைக்குந்தான்மா தூரம். அதுக்கப்புறம் பக்கந்தான்."

அம்மா சிரித்தபடி, ஆமாம் என்று தலையாட்டினாள்.